நீல ஜாடியும் சிட்டிங் அக்காவும்

ஓவியக் கல்லூரியின் நீல ஜாடி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு மேசையை விட்டுக் கிளம்பி, கூரையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. முதலாமாண்டு மாணவர்கள் முப்பத்தெட்டுப் பேர் அப்போது அதை வரைந்துகொண்டிருந்தார்கள். முப்பத்தாறு பேர் அண்ணாந்து பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். ஒருத்தி ரப்பர் தேடிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. இன்னொருவன் தூங்கிக்கொண்டிருந்தான். வகுப்பு எடுத்தவரை எல்லோரும் ஸ்டில் லைஃப் மேடம் என்றே அழைப்பார்கள். பழமும் பாத்திரமும் மேசைமேல் வைத்து வரையச் சொல்லிக்கொடுப்பதைத் தவிர வேறெதற்கும் அவர் இந்த உலகத்தில் நேரம் ஒதுக்கியதில்லை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒரு பார்வை பார்த்தார். "அசையாத பொருளத்தான் வரையணும்னு நான் யாருக்கும் எழுதிக் குடுக்கல. ஜாடியோட அடிப்பாகத்த இதுவரைக்கும் ஒருத்தராவது பாத்திருக்கீங்களா? இப்ப தெரியுதில்ல, வரைங்க" என்றார். வரைந்தார்கள். அந்த வருடத்து மாணவர்களுக்கு ஜாடியின் அடிப்பாகம் நன்றாகவே வந்தது.

ஜாடிக்குப் பொறுப்பு ஸ்டோர் அண்ணன். வகுப்புகளில் வரைவதற்கான பொருட்களை வைத்திருக்கும் அறைதான் ஸ்டோர். நரம்பில்லாத வயலின், சுண்ண மாவில் வார்த்த ஒற்றைக் கால், வெண்கல மணி, மாட்டு மண்டையோடு, மெழுகு ஆப்பிள், இந்த ஜாடி என்று எல்லாம் அங்கே தட்டுத்தட்டாக இருக்கும். காலையில் எடுத்துப்போய் மேசையில் அடுக்குவதும் மாலையில் திருப்பி எடுத்துவைப்பதும் அண்ணனுக்கு இருபத்தாறு வருட வேலை. ஒரு படம் முடிய நாலைந்து நாள் ஆகும். அதுவரை ஒவ்வொரு பொருளும் நேற்று இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும் என்பதால், அவர் எதை வைத்தாலும் அதைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுவார். ஜாடி போனபிறகும் மேசையில் அதன் வட்டம் இருந்தது. அண்ணன் ஏணி போட்டு ஏறி, கைப்பிடியில் சணல் கட்டி இறக்கி, மேசைக் காலில் முடிச்சுப் போட்டார். மூன்று வருடமாகவே ஜாடியின் நிழல் வெளுத்துக்கொண்டு வந்ததை அவர் பார்த்திருந்தார். பல்பைத்தான் குறை சொல்லி இரண்டு முறை மாற்றினார். இப்போது புரிந்துவிட்டது. கிட்டத்தட்ட முப்பதாயிரம் தடவை வரைந்திருக்கிறார்கள், பார்த்துப் பார்த்தே தேய்ந்துபோயிருக்கிறது. சோப்பு தேய்கிறது, படிக்கட்டு தேய்கிறது, ஜாடி தேயக் கூடாதா? இதில் மூக்கின்மேல் விரல் வைக்க ஒன்றுமில்லை.

அடுத்த எட்டு மாதத்தில் வயலினும் காலும் மணியும் மண்டையோடும் ஆப்பிளும் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போயின. எல்லாவற்றுக்கும் சணல் கட்டியாயிற்று. இதனால் மனம் நொந்துபோனவர் ஒரே ஒருவர்தான். இரண்டாவது மாடியில் சர்ரியலிசம் சொல்லிக்கொடுத்த அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் விசித்திர சார். கைப்பிடியில் முள் முளைத்த குடை, வாய் நிறையப் பல் வைத்த ஷூ, அழும் டீ கப் என்று வினோதப் பொருட்களாகவே செய்துகொண்டிருந்தவர். டீ கப் அழவில்லை, ஒழுகுகிறது என்று சொன்னவர்களோடு அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் ஸ்டோர் வாசலில் வந்து நின்று, சணலில் ஆடிக்கொண்டிருந்த ஜாடியை வெகுநேரம் பார்த்தார். "பத்து வருஷமா நான் தலைகீழா நிக்கிறேன், எனக்கு ஒண்ணும் வரல. உங்க ஜாடி சும்மா இருந்தே சாதிச்சிடுச்சு. நல்லா இருங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மதியம் சாப்பிடவில்லை என்று கேள்வி.

வைத்தியம் தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் கல்லூரியில் மோட்டார் பழுதாகித் தண்ணீர் வரவில்லை. பெருக்குகிற அம்மா பக்கத்துக் கட்டடத்திலிருந்து குடிதண்ணீர் கொண்டுவரப் பாத்திரம் தேடினார். கையில் அகப்பட்டது நீல ஜாடி. சணலைப் பிடித்து இழுத்து, அவிழ்த்து, கொண்டுபோய் நிரப்பி வந்து ஆபீஸில் வைத்துவிட்டார். அது அதுபாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. மாலையில் தண்ணீர் தீர்ந்து காலியான பிறகும் எழும்பவில்லை. ஸ்டோர் அண்ணன் அதைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். பழைய கனம். ஜாடியை வாங்கிய நாளிலிருந்து அதில் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மறுநாளிலிருந்து எல்லாவற்றுக்கும் வேலை கொடுத்தார். மணியைச் சாப்பாட்டு நேரத்துக்கு அடித்தார்கள், அன்றே இறங்கியது. சுண்ணக் காலைக் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க முட்டுக்கொடுத்தார். வயலினுக்கு நரம்பு போட்டுக் காவல்காரரிடம் கொடுத்தார். காவல்காரர் வாசித்தது காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தாலும் வயலின் இறங்கிவிட்டது. மெழுகு ஆப்பிளை ஒரு மாணவன் துணிந்து கடித்தான். அது பாதி இறங்கி, பல்தடத்தோடு ஆள் உயரத்தில் நின்றுவிட்டது. மண்டையோட்டுக்கு மட்டும் என்ன வேலை கொடுப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. அதன் வேலை எப்போதோ முடிந்துபோயிருந்தது. இன்றைக்கும் அது மேலேதான். போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம், வியாழக்கிழமை மட்டும் விடுமுறை.

பொருட்களின் கதை இவ்வளவுதான். ஸ்டோர் அண்ணனைப் பயமுறுத்தியது வேறொரு விஷயம். அவர் மனைவியும் அதே கல்லூரியில்தான் வேலை பார்த்தார். முகம் வரையும் வகுப்பில் மாணவர்களுக்கு முன்னால் அசையாமல் உட்காரும் வேலை. சிட்டிங் அக்கா என்று பெயர். பதினொரு வருடத்துக்கு முன்னால் தங்கை மகளைச் சேர்க்க வந்தவர். அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைக்கவில்லை, துணைக்கு வந்த இவருக்குக் கிடைத்தது. நடுவில் ஓய்வுக்கு எழுந்து போனால் திரும்ப அதே இடத்தில் பாதம் வைக்கவேண்டும் என்பதற்காக, ஸ்டோர் அண்ணன் அவர் பாதங்களைச் சுற்றியும் சாக்பீஸ் கோடு போடுவார். நாளுக்கு மூன்று தடவை, இரண்டு வருடம். ஒரு நாள் கோடு போட்டு முடித்தும் எழுந்திருக்காமல், குந்தியபடியே, "நாளைக்கும் இதே இடந்தானே?" என்று கேட்டார். "வேற எங்க போகப் போறேன்?" என்றார் அக்கா. இருவரும் இதையே கல்யாணப் பேச்சாக எடுத்துக்கொண்டார்கள். அண்ணனும் அக்காவும் கல்யாணம் செய்துகொண்டதில் மாணவர்களுக்குத்தான் உறவுமுறை குழம்பிப்போனது. அக்காவை அண்ணியாக்குவதா, அண்ணனை மாமாவாக்குவதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரு பருவம் முழுக்கச் சண்டை போட்டார்கள். கடைசியில் பழைய பழக்கமே ஜெயித்தது.

உட்காருகிற வேலையில் ஒரே ஒரு சட்டம் உண்டு, பேசக் கூடாது. வாய் அசைந்தால் தாடை அசையும், தாடை அசைந்தால் கன்னத்து வெளிச்சம் மாறும், வெளிச்சம் மாறினால் முப்பத்தெட்டுப் படமும் பாழ். நாளுக்கு ஆறு மணி நேரம் அக்கா வாயைத் திறக்காமல் இருந்தார். வீட்டில் ஸ்டோர் அண்ணனோ நாள் முழுக்க ஜாடியோடும் மண்டையோட்டோடும் பழகியவர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். அதனால் அந்த வீட்டில் டம்ளர் வைக்கிற சத்தத்துக்கு மேல் சத்தம் கிடையாது. அதை ஒரு குறையாக இருவரும் நினைத்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

பதினோராவது வருடம் அக்கா மாடிப்படி ஏறும் சத்தம் கேட்காமல் போனது. மரப் படிகள், பூனை ஏறினாலே முனகும். பிறகு மெத்தையில் அவர் உட்கார்ந்து எழுந்த பள்ளம் விழவில்லை. மருந்துக் கடையில் இருக்கும் எடைக் கருவியில் அண்ணன் அவரை ஏற்றிப் பார்த்தார். முள் ஐந்து வயதுப் பிள்ளையின் எடையைக் காட்டியது. கடைக்காரர் கருவிக்குத்தான் கோளாறு என்று அடித்துச் சொன்னார். அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜாடியை இருபத்தாறு வருடம் பார்த்தார்கள் என்றால், முகத்தை மனிதர்கள் ஒன்றுக்குப் பத்தாகப் பார்ப்பார்கள், பதினொரு வருடமே அதிகம். அக்காவோ குஷியாக இருந்தார். "முட்டி வலி சுத்தமா போயிடுச்சுங்க. நாலு வைத்தியர் பாத்தும் போகாத வலி. அதுக்கு நீங்க ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றார்.

ஸ்டோர் அண்ணன் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைத்தான் செய்தார், செய்யக் கூடாத தவறும் அதுதான். ஜாடிக்குத் தண்ணீர், மணிக்கு அடி, ஆளுக்கு என்ன வேலை? அன்றுவரை தான் செய்துகொண்டிருந்த வீட்டு வேலைகளையெல்லாம் அக்காவிடம் தள்ளினார். வாளி தூக்கச் சொன்னார், பரணைத் துடைக்கச் சொன்னார், நன்றாக இருந்த திரைச்சீலையைக் கிழித்துத் தைக்கச் சொன்னார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த அக்கா மூன்றாவது நாள் வாளியை நடுக்கூடத்தில் டொம்மென்று வைத்தார். "ஏங்க, நான் என்ன உங்க ஸ்டோர் சாமானா? என்ன எதுக்குப் பயன்படுத்தலாம்னு பாக்கிறீங்களா?" என்றார். கோபத்தில் காலைத் தரையில் உதைக்கப்போய், உதைத்த வேகத்தில் அரை அடி எழும்பி, மெதுவாக இறங்கினார். அண்ணன் பயந்துபோய் அவர் உடுப்பின் ஓரத்தில் திரைச்சீலைக்கு வைக்கும் ஈயக் குண்டுகளைத் தைத்துக் கொடுத்தார். அதன்பிறகு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எழும்புகிறாரா என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பத்தெட்டுப் பேர் பார்த்துக் குறைந்ததைவிட இவர் ஒருவர் பார்த்துக் குறைந்தது அதிகம். ஆசையாகப் பார்க்கிற பார்வைக்குத் தேய்மானம் கூடுதல் என்பது பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

இந்த நேரம் பார்த்து விசித்திர சார் வீட்டுக்கே வந்துவிட்டார். நகர மண்டபத்தில் 'பார்வைக்கு மட்டும்' என்று ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகவும், முள் குடை, பல் ஷூ, பல்தடம் பட்ட ஆப்பிள், மண்டையோடு எல்லாம் இருக்கும் என்றும், நட்டநடுவில் ஒரு நாற்காலியில் அக்கா உட்கார வேண்டும் என்றும் கேட்டார். ஸ்டோர் அண்ணன் அவரை வெளியே போகச் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா சரி என்றுவிட்டார். அவர் போனபிறகு கணவனிடம் காரணமும் சொன்னார். "பதினோரு வருஷமா பசங்க என் மூக்க கோணலா வரைஞ்சே பழகிட்டாங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நாலு பேரு என்னப் பாக்கணும்னே கெளம்பி வரட்டுமே. தப்பா?" அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இடுப்பில் கயிறு கட்டவேண்டும், மறுமுனையைத் தான்தான் பிடித்துக்கொள்வேன் என்றார்.

நகர மண்டபத்தின் கூரை மிக உயரம். உச்சியில் காற்றுக்காக ஒரு பெரிய ஜன்னல் திறந்திருக்கும். ஸ்டோர் அண்ணன் நாற்காலியின் நாலு கால்களையும் சுற்றிச் சாக்பீஸ் கோடு போட்டு, கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றார். முதல் நாள் கூட்டம் சுமார்தான். நாற்காலி ஒரு முழம் எழும்பியது. இரண்டாம் நாள் செய்தி பரவி, குடும்பம் குடும்பமாக வந்தார்கள். நாற்காலி ஆள் உயரத்தைத் தாண்டியது. அக்கா முகத்தில் அப்படி ஒரு களை. மூன்றாம் நாள் மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. மதியம் ஒரு மணிக்கு நாற்காலி மட்டும் கீழே விழுந்தது. அக்கா நாற்காலியை விட்டு எழும்பி, ஈயக் குண்டுகளோடு சேர்ந்து, நேராக அந்தத் திறந்த ஜன்னலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்.

கயிறு உள்ளங்கையை அறுத்தது. ஸ்டோர் அண்ணனின் குதிகால் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. ஜன்னலைச் சாத்தும் நீளக் கழி எங்கே என்று ஆளாளுக்குத் தேடினார்கள். வரைவதற்கென்று எப்போதோ இரவல் வாங்கிப்போன அது கல்லூரி ஸ்டோரில் இருந்தது, ஸ்டோர் சாவி அண்ணனின் சட்டைப் பையில் இருந்தது. "பாக்காதீங்க! எல்லாரும் கண்ண மூடுங்க! ஐயா, அம்மா, கையெடுத்துக் கும்பிடறேன், பாக்காதீங்க!" என்று அவர் கத்தினார். பார்க்காதே என்றால் எந்த ஊரில் கேட்பார்கள்? வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் உள்ளே ஓடிவந்து பார்த்தார்கள். அதுவரை ஆனந்தக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த விசித்திர சார் இப்போது நிஜமாகவே அழுதுகொண்டு, அண்ணனின் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தொங்கினார். அக்காவின் தலை ஜன்னல் விளிம்புக்கு வந்துவிட்டது. மண்டபத்திலேயே அதிகமாக அவரைப் பார்த்துக்கொண்டிருப்பது யார் என்பது அந்த நிமிடம்தான் ஸ்டோர் அண்ணனுக்கு விளங்கியது. அவர் இறுக்கிக் கண்ணை மூடினார்.

மூடிய பிறகு ஒன்றும் தெரியவில்லை. கயிற்றின் அந்த முனையில் ஆள் இருக்கிறாளா, ஜன்னலைத் தாண்டிவிட்டாளா? கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

"இருக்கியாம்மா?"

உட்காருகிற வேலையில் பேசக் கூடாது. ஆனாலும் கேட்டது வீட்டுக்காரர் ஆயிற்றே. மேலிருந்து குரல் வந்தது. "இருக்கேங்க."

"அங்க என்னம்மா தெரியுது?"

இந்தக் கேள்வியை ஒன்பது வருட வாழ்க்கையில் அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கல்லூரியில் வேறு யாரும் கேட்டதில்லை. "ஜன்னல் ஓரத்துல ஒரு புறாக் கூடு இருக்கு. ரெண்டு முட்டை" என்றார் அக்கா. கயிறு ஒரு விரற்கடை தளர்ந்தது. தளர்ந்ததை அண்ணனின் உள்ளங்கைக் காயம் உணர்ந்தது. "அப்புறம்?" என்றார். "கதவுகிட்ட பச்சச் சட்ட போட்டவர் சிரிக்கிற மாதிரி நிக்கிறார், சிரிக்கல. அவருக்கு எங்கயோ போகணும், போக மனசில்ல." பச்சைச் சட்டைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கயிறு ஒரு சாண் தளர்ந்தது. "சொல்லும்மா, எல்லாத்தையும் சொல்லு, நான் கேக்கறேன்" என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமல்.

பிறகு அக்கா நிறுத்தவில்லை. பதினொரு வருடம் ஊரே அவரைப் பார்த்ததாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாளுக்கு ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பவளுக்கு எதிரே இருக்கிறவர்களைப் பார்ப்பதைத் தவிர வேறென்ன வேலை? யாரை வரைந்தாலும் தன் அம்மாவின் காதையே வரைந்துவிடும் ஒரு பையனைப் பற்றிச் சொன்னார். கை நடுங்கும் ஒரு பெண்ணுக்காக, ஓய்வு மணி அடித்த பிறகும் வருடம் முழுக்கத் தான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததையும், அது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது என்பதையும் சொன்னார். முன்வரிசையில் ஒருவரையொருவர் ஏறெடுத்தும் பார்க்காமலே காதலித்துக் கல்யாணம்வரை போன ஜோடியைச் சொன்னார். கல்லூரி முதல்வர் சனிக்கிழமைகளில் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து வரைவார், பிறகு யாரும் பார்ப்பதற்குள் தாளைக் கசக்கிப் பையில் போட்டுக்கொள்வார் என்றும் சொன்னார். முதல்வர் அங்கேதான் நின்றார், காதுவரை சிவந்தார். சொல்லச் சொல்ல அக்கா இறங்கினார். கூட்டம் முதலில் நின்று கேட்டது, பிறகு தரையில் உட்கார்ந்து கேட்டது. அண்ணாந்து பார்க்கவேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. நாலு மணி நேரம் ஆயிற்று. ஐந்தேகாலுக்கு அக்காவின் பாதம் தரையில் பட்டது. "ஐயோ, முட்டி!" என்றார். ஸ்டோர் அண்ணன் கண்ணைத் திறந்து, அங்கேயே உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல் ஓவென்று அழுதார். அக்கா அவர் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இப்படியா பிடிப்பது என்று திட்டினார்.

அதற்குப் பிறகு கல்லூரியில் சட்டம் மாறியது. உட்காருகிறவர் பேசலாம். அன்றிலிருந்து அந்தக் கல்லூரியில் வரைந்த எல்லா முகங்களிலும் வாய் மட்டும் கலங்கலாக இருக்கும். வெளியூர் விமர்சகர்கள் அதை ஒரு புதிய பாணி என்று எழுதினார்கள், யாரும் மறுக்கவில்லை. விசித்திர சார் அந்தக் கயிற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். அது வெறும் கயிறாகவே கிடக்கிறது. அவர் வினோதப் பொருட்கள் செய்வதை விட்டுவிட்டு, இப்போது ஒழுகாத டீ கப் செய்யப் பழகிவருகிறார். சுமாராக வருகிறது. அக்காவுக்கு முட்டி வலி முன்பு இருந்ததுபோலவே இருக்கிறது. எடைக் கருவியும் சரியாகிவிட்டதாக மருந்துக் கடைக்காரர் சொல்கிறார்.

வீட்டில் மாலை டீயோடு அக்கா அன்றன்றைக்குப் பார்த்ததைச் சொல்வார், அண்ணன் கேட்பார். பதினொரு வருடப் பாக்கி தீர ஏழெட்டு மாதம் ஆயிற்று. ஊரில் எல்லோரையும் பற்றிச் சொல்லி முடித்தும் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லையே என்று ஸ்டோர் அண்ணனுக்கு உள்ளூர ஒரு குறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டம்ளரை உருட்டிக்கொண்டே, எங்கேயோ பார்த்தபடி கேட்டார்.

"என்னப் பத்தி ஒண்ணும் பாக்கலியா நீ?"

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்களப் பத்தி ஆரம்பிச்சா நான் பூமிக்குள்ளதாங்க போவேன்" என்றார்.

ஆனாலும் அன்றே ஆரம்பித்தார். முதல் நாள் அவர் ஒரே பாதத்தைச் சுற்றி இரண்டு தடவை சாக்பீஸ் கோடு போட்டதிலிருந்து ஆரம்பித்தார். ஒரே நாளில் சொல்லக்கூடியது இல்லை என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவருகிறார். அவர் உட்காரும் நாற்காலிக்குக் கீழே தரைக்கல் இதுவரை மூன்று தடவை உடைந்து மாற்றியாகிவிட்டது. கல் பதிக்கிறவர் இப்போதெல்லாம் யாரும் கூப்பிடாமலே திங்கட்கிழமை காலையில் கரண்டியோடு வந்துவிடுகிறார்.